மேலே எழுதிக் கொடுத்தல்: அரிய புற்றுநோயும் மையத்தின் கணக்கும்

1

‘மேல எழுதிக் குடுத்துட்டாங்க.’ ஒரு நோய் இனிமேல் சாதாரண நோய் இல்லை என்று ஆகும்போது எங்கள் வட்டாரத்தில் சொல்லப்படும் வாக்கியம் இது. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று எந்த ஊர் அரசு மருத்துவமனை வாசலில் நின்றாலும் காதில் விழும். இலக்கணப்படி இதில் எழுவாய் கிடையாது. யார் எழுதினார், என்ன எழுதினார், ‘மேல’ என்பது எந்தத் திசை என்ற எதுவும் வாக்கியத்துக்குள் இல்லை. எழுதப்பட்டது என்ற சேதி மட்டும் இருக்கிறது. ‘எழுதி வச்சது அவ்ளோதான்’ என்று தலையெழுத்தைப் பற்றிச் சொல்வதற்கும் இதற்கும் தொனியில் வேறுபாடு அதிகமில்லை. சுமப்பவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து என்பது நமக்குப் பழக்கமான ஒன்றுதான்.

அந்தச் சீட்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். பெயர், வயது, பால். இரண்டு வரியில் நோயின் சந்தேகம். கடைசியில், உயர்நிலை மையத்துக்கு மேற்கொண்டு கவனிப்பதற்காக அனுப்பப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நம்முடைய பழைய இலக்கியத்தில் சீட்டுக்கவி என்றொரு வகை உண்டு. புலவர் தன்னை உயர்த்திச் சொல்லி, புரவலனுக்கு ஓலை எழுதி, வேண்டியதைக் கேட்டுப் பெறுவார். மருத்துவமனைச் சீட்டு அதைத் தலைகீழாக்கியது. எழுதுகிறவர் எதையும் கேட்பதில்லை. கொண்டுபோகிறவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல அதில் இடமில்லை. வாங்குகிறவர் யாரென்று ஓலையிலேயே இல்லை. ‘உயர்நிலை மையம்’ ஒரு முகவரி அல்ல. அது ஒரு படிநிலையின் பெயர். போகிறவர் அதை முகவரியாக மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த ரயில், எந்தப் பேருந்து, எந்தக் கட்டடம், எந்த வரிசை என்பதெல்லாம் அவர் பாடு.

அரிய புற்றுநோய்களுக்கான சிறப்புச் சிகிச்சையைப் பெரிய மையங்களில் குவிப்பதா, ஊர்ப்புறங்களுக்குப் பரவலாக்குவதா என்று உலகம் முழுக்க ஒரு விவாதம் நடக்கிறது. திட்டம் வகுப்போரின் மொழியில் இது செயல்திறன் பற்றிய கேள்வி. நம்மைப்போல ‘மையம்’, ‘விளிம்பு’ என்ற சொற்களை முப்பது வருடமாகப் பயன்படுத்திவருகிற சிறுபத்திரிகை வாசகர்களுக்கோ விடை ஏற்கெனவே தயாராக இருக்கும்: மையம் என்றால் அதிகாரம், அதிகாரம் என்றால் எதிர்ப்பு. இரண்டுமே அவசரமான விடைகள் என்பது என் எண்ணம்.

2

முதலில் ‘அரிய’ என்ற சொல். தமிழில் அரிது என்பதற்கு எதிர்ச்சொல் எளிது. ‘பரவலானது’ என்பது அல்ல. எப்போதாவது கிடைப்பது, செய்யக் கடினமானது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அரிய புற்றுநோயின் சிக்கலும் துல்லியமாக இதுதான். அபூர்வமாக வருவதாலேயே அது கடினமானதாகிறது. எளியவர் வீட்டில் வந்தால் இன்னும் கடினமாகிறது.

ஐரோப்பிய ஆய்வாளர்கள் வைத்த வரையறை ஒன்று இன்று பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோய் அரியது. இப்படிப் பிரித்தால் கிட்டத்தட்ட 200 வகைகள் வரும். ஒவ்வொன்றும் அபூர்வம்; எல்லாவற்றையும் சேர்த்தால் ஐரோப்பாவில் புற்றுநோய் வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அதாவது அரியவர்கள் சிறுபான்மையினர்தான், ஆனால் சிறிய கூட்டம் அல்ல.

இந்த எண்ணைத் திருத்தணிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 45,000-க்குச் சற்றுக் குறைவு. மேற்சொன்ன வரம்பின் உச்சத்தில் இருக்கும் ஒரு புற்றுநோய்கூட இங்கே வருடத்துக்கு மூன்று பேருக்கு வராது. வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்கு அருகில் பெரும்பாலும் தோன்றும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு என்று வரக்கூடியது. அப்படியென்றால் இந்த ஊரில் ஆறேழு வருடத்துக்கு ஒரு பிள்ளை. ஒரு மருத்துவர் முப்பது வருடம் இங்கேயே இருந்து பணி ஓய்வு பெற்றாலும் நாலைந்து பேரைப் பார்த்திருப்பார். அதே காலத்தில் முழங்கால் வலி, வீக்கம் என்று அவரிடம் வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். எதைப் பார்க்காமல் விட்டோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாமல் போகலாம்.

ஆக, அபூர்வம் என்பது நோயின் குணம் அல்ல. எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. திருத்தணியில் ஆறு வருடத்துக்கு ஒன்றாக இருப்பது அடையாறு புற்றுநோய் நிலையத்தில் புறநோயாளி வரிசையில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒன்று. குழந்தையின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா பிறக்கும் குழந்தைகளில் 16,000 முதல் 18,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வருவது. ஆனாலும் பிறப்புகள் மிகுந்த இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 குழந்தைகள். எந்த நாட்டையும்விட அதிகம். கருவிழியில் வெள்ளையாக ஒரு மினுக்கம். பூனைக்கண் மாதிரி இருக்கிறது என்று பாட்டிமார்தான் பெரும்பாலும் முதலில் கண்டு சொல்கிறார்கள். நாட்டுக்கே பெரிய எண், ஊருக்கு அபூர்வம். மையம் என்ற ஒன்று பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

3

மையத்துக்கான வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். 1979-ல் லஃப்ட், பங்கர், என்தோவன் என்ற மூவர் அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சில கடினமான அறுவை சிகிச்சைகளை ஆண்டுக்கு 200-க்கு மேல் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு, குறைவாகச் செய்யும் இடங்களைவிட 25 முதல் 41 சதவீதம் குறைவாக இருந்தது. செய்யச் செய்யக் கை படியும் என்று நம் தறிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை எண்ணிக் காட்டியபோது மருத்துவமனைகளின் வரைபடத்தையே மாற்றும் வாதமாக ஆனது.

எலும்புப் புற்றுநோயில் இன்னும் கூர்மையான சான்று இருக்கிறது. கட்டி என்னவென்று பார்க்கச் சதையெடுத்துச் சோதிப்பதைச் சின்ன வேலை என்றே நாம் நினைக்கிறோம். அது சின்ன வேலை அல்ல. ஊசியோ கத்தியோ போன தடத்தில் நோயின் செல்கள் சிந்தியிருக்கலாம் என்பதால், பிறகு கட்டியை எடுக்கும்போது அந்தத் தடத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தடம் தவறான இடத்தில் இருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போய்விடும். மேன்கின் குழுவினர் 1982-லும் மறுபடி 1996-லும் இதை ஆராய்ந்தார்கள். நோயாளியை அனுப்பிவைக்கும் மருத்துவமனையிலேயே சதையெடுத்தபோது, சிகிச்சை மையத்தில் எடுத்ததைவிடப் பிழைகளும் சிக்கல்களும் இரண்டு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை கூடுதலாக இருந்தன. ‘இங்கயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அனுப்பலாம்’ என்ற நல்லெண்ணம் ஒரு காலை எடுத்துவிடும் என்று இதற்குப் பொருள்.

மையத்தால் கிடைத்தது என்ன என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. எழுபதுகளுக்கு முன்பு இந்த நோய்க்குக் காலை வெட்டி எடுத்த பிறகும் ஐந்தில் ஒருவர் பிழைத்தால் பெரிது. வேதிமருந்துகள் வந்தபின் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மூன்றில் இருவரளவுக்குப் பிழைக்க முடிகிறது. காலை வெட்டாமல், நோயுற்ற எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பு பொருத்தும் முறையில் மயில்வாகனன் நடராஜன் சென்னையில் நீண்ட காலம் உழைத்தார். வெளிநாட்டு உலோக எலும்பு ஏழைக்கு எட்டாது என்பதால் ஒவ்வொருவர் அளவுக்கும் இங்கேயே செய்விக்கப்பட்டது. இப்படி ஒன்றை ஆறு வருடத்துக்கு ஒரு நோயாளி வரும் ஊரில் உருவாக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் மையத்தை விமர்சிப்பது வெறும் பேச்சு.

இங்கே நம் கூட்டத்துக்குப் பிரியமான ஒரு விஷயத்தையும் தொட்டாக வேண்டும். திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் நகரியைத் தாண்டினால் புத்தூர். தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் பலகை தொங்கும் ‘புத்தூர் கட்டு’ பிறந்த இடம். பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி. எலும்பு முறிவுக்கு இங்கிருந்து இன்றைக்கும் அங்கே போகிறார்கள். சேர்ந்து, நடந்து வருகிறார்கள். உள்ளூர் அறிவு, வட்டாரத் தொழில்நுட்பம், மையத்துக்கு எதிரான விளிம்பின் ஞானம் என்று நாம் எழுதத் தோதான பொருள். ஆனால் முழங்காலில் வீங்கியது முறிவு இல்லாமல் கட்டியாக இருந்தால்? இந்த நோயின் கதை பெரும்பாலும் ‘வெளையாடும்போது வுழுந்துட்டான்’ என்றுதான் தொடங்கும். விழுந்ததால் வந்ததல்ல, விழுந்ததால் கவனத்துக்கு வந்தது. நீவுவதிலும் கட்டுவதிலும் போகிற வாரங்களில் அது நுரையீரலுக்குப் போய்விடும். கட்டுகிறவர்மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து எண்ணினால் அது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. எம்.பி.பி.எஸ். படித்தவருக்கும் அதே கணக்குதான். விளிம்பின் அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிற விமர்சனம் விளிம்பில் இருக்கும் பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது.

4

சரி, மையம் வேண்டும். அப்படியானால் மையத்தின் அறிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

ஃபூக்கோ 1963-ல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் நடந்த மாற்றத்தை ஆராய்கிறார். சிதறிக் கிடந்த நோயாளிகள் ஒரு கூரையின்கீழ் சேர்க்கப்பட்டபோதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவப் பார்வை சாத்தியமாயிற்று. அந்தக் கூரையின்கீழ் வந்தவர்கள் ஏழைகள். வசதியுள்ளவர்களை வீட்டிலேயே மருத்துவர் பார்த்தார். ஏழைக்கு உதவி கிடைத்தது. பதிலுக்கு அவன் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதிலிருந்து திரண்ட அறிவு எல்லோருக்கும் பயன்பட்டது. எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இது என்பது அவர் வாதத்தின் ஒரு கண்ணி.

நாம் ஃபூக்கோவைப் பேசியபோதெல்லாம் கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல் என்ற பக்கத்தையே அதிகம் பிடித்துக்கொண்டோம். ஒப்பந்தம் என்ற பக்கம் கவனிக்கப்படவில்லை. ‘எண்ணிக்கை கூடினால் திறமை கூடும்’ என்று திட்டக்குழு மொழி சொல்கிறதே, அந்த எண்ணிக்கை யார்? ஆண்டுக்கு 200 அறுவை என்றால் 200 உடல்கள். அவை மையத்துக்குத் தாமாக வந்து குவிவதில்லை. அம்மையார்குப்பத்திலிருந்தும் வங்கனூரிலிருந்தும் காசு புரட்டி, வேலை விட்டு, வரிசையில் நின்று வந்து சேர்ந்தவை. அறுவை மருத்துவரின் கை படிந்தது அந்த உடல்களில். மையத்தின் திறமை என்பது விளிம்பு மேற்கொண்ட பயணங்களின் சேமிப்பு.

இப்படி வாசித்தால் விவாதத்தின் முகம் மாறுகிறது. ஊர்ப்புறத்துக்கு மையம் எதையாவது திருப்பி அனுப்புவது தருமமோ ‘அவுட்ரீச்’ என்ற பெயரில் ஒருநாள் முகாமோ அல்ல. அது வாங்கிய கடனைத் திருப்புவது. கேட்கிறவர் கையேந்த வேண்டியதில்லை.

அடையாறு நிலையத்தின் வரலாறே இதைச் சொல்கிறது. புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி 1954-ல் தொடங்கியபோது அதில் 12 படுக்கைகள். எஸ்.கிருஷ்ணமூர்த்தியும் 2021-ல் மறைந்த வி.சாந்தாவும் அதைக் கட்டி எழுப்பினார்கள். அரசின் பணம் மட்டும் அல்ல, பொதுமக்களின் சில்லறையும் சேர்ந்த மையம் அது. ஊர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றிடம் ஊர்களுக்கு உரிமை உண்டு.

5

மையம், விளிம்பு என்பது எங்களுக்குக் கோட்பாட்டுச் சொல் மட்டுமல்ல. திருத்தணி 1911 வரை வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் சித்தூர் மாவட்டம், 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது அதனோடு போனது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, பட்டாஸ்கர் தீர்வின்படி 1959-ல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து 1997-ல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது. மலை ஒரே இடத்தில்தான் இருந்தது. தலைமையிடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

எல்லை மொழியின் பெயரால் போடப்பட்டது. நோயாளிக்கு அது அட்டையின் பெயரால் வந்து நிற்கிறது. திருத்தணியிலிருந்து சென்னை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். திருப்பதி அதைவிடக் கிட்டம். அங்கே வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது; டாட்டா அறக்கட்டளையின் துணையோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனை 2022-ல் திறக்கப்பட்டது. ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ 2007-ல் வந்தது. அது அந்த மாநிலக் குடும்ப அட்டையோடு கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் காப்பீடு 2009-ல் கலைஞர் பெயரிலும் 2012 முதல் முதலமைச்சர் பெயரிலும் நடக்கிறது. அது இந்த மாநிலக் குடும்ப அட்டையோடு கட்டப்பட்டது. 2018-ல் வந்த மத்திய அரசின் திட்டம் மாநிலம் தாண்டும் வழியைத் திறந்தது; ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், நெல் விற்பதும், மொட்டை போடுவதும் எல்லைக்குக் குறுக்கே நடக்கும் ஊரில் கட்டி மட்டும் எல்லையை மதித்து வளர வேண்டும்.

1968-ல் முதலமைச்சர் அண்ணாதுரைக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். நியூயார்க் போய் அறுவை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். அவர் பெயரில் காஞ்சிபுரம் அருகே காரைப்பேட்டையில் அதே 1969-ல் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. திருத்தணிக்கு அது நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ‘மேல எழுதிக் கொடுப்பது’ முதலமைச்சருக்கும் நேர்ந்தது; அவருக்கு ‘மேல’ என்பது அமெரிக்கா. வேறுபாடு தூரத்தில் இல்லை. அவரோடு ஒரு அரசே உடன் போனது.

6

உடன் போவது. இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் நான்கு உறுப்புகளால் ஆனது என்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். உழைச்செல்வான் என்பது அந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர். மையப்படுத்தல் பற்றிய விவாதங்களில் முதல் மூவரும் இருக்கிறார்கள். நோயாளி எண்ணிக்கையாக, மருத்துவர் திறனாக, மருந்து செலவாக. நான்காவது ஆள் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. அவர் கூலி, அவர் பட்டினி, வராந்தாவில் அவர் விரிக்கும் போர்வை எல்லாம் கணக்குக்கு வெளியே.

திருத்தணியிலிருந்து காலையில் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் இந்த நான்காமவர்களைப் பார்க்கலாம். மடியில் மஞ்சள் பை, அதற்குள் ஃபைல், பெரிய கவரில் எக்ஸ்ரே படம். ஒருமுறை எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் பதின்மூன்று பதினாலு வயதுப் பையன், காலை நீட்டிக்கொண்டு தூங்கினான்.

‘எத்தினி வாட்டி போயிருப்பீங்கம்மா?’

‘எண்ணலியே சார். ஊசி போட்டா ரத்தம் கொறையுது. ரத்தம் ஏறனாத்தான் அடுத்த ஊசி. அது ஏறிக்கீதா இல்லியான்னு பாக்கறதுக்கே ஒருக்கா போவணும்.’

‘ரத்தப் பரிசோதனை இங்கயே பாத்துட்டுப் போவக்கூடாதா?’

‘இங்க பாத்தா அங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க சார். வூட்டுக்காரரு தறிய வுட்டுட்டு வந்தா சோத்துக்கு இன்னா பண்றது? அதான் நானே இட்டுனு போறேன். சின்னத மாமியா பாத்துக்குது.’

இந்த உரையாடலில் எந்தப் பெரிய கொடுமையும் இல்லை. யாரும் யாரையும் விரட்டவில்லை. வெறும் ரத்தப் பரிசோதனை. அதற்காக ஒரு நாள், இரண்டு பேர், போகவர 170 கிலோமீட்டர். உலோக எலும்பு பொருத்த மையம் வேண்டும் என்ற நியாயம், ரத்த அணுக்களை எண்ணவும் மையம் வேண்டும் என்ற வழக்கமாகச் சத்தமில்லாமல் நீண்டுவிட்டதை அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறவர்களை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதுவார்கள். எட்டாவது பயணத்துக்குக் காசில்லாமல் நின்றவர் ஒத்துழைக்காதவர் ஆகிறார்.

நம் கலைகளும் நான்காமவரைக் காட்டுவதில்லை. 1962-ல் வந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கிட்டத்தட்ட முழுக்க மருத்துவமனைக்குள் நடக்கும் படம். புற்றுநோய் வந்த கணவன், பார்த்துக்கொள்ளும் மனைவி, அவளை முன்பு காதலித்த மருத்துவர். உழைச்செல்வானை நாயகியாக்கிய படம் என்றே சொல்லலாம். ஆனால் அவள் எதிலே வந்தாள், வீட்டில் உலை யார் வைத்தார்கள் என்ற கேள்வி அந்தக் காவியச் சோகத்தில் எழாது. தமிழ் சினிமாவில் புற்றுநோய்க்குப் பஸ் கட்டணம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், வள்ளுவரைப் புரிந்துகொண்ட அரசுத்துறை ரயில்வேதான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை தரும் அதன் விதி, உடன் போகிறவருக்கும் சலுகை தருகிறது. மாநிலத்தின் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம், 2021-ல் தொடங்கியது, சாதாரண நகரப் பேருந்துகளில்தான் செல்லும். தாய் சந்தைக்கு இலவசமாகப் போகலாம்; பிள்ளையோடு சென்னைக்குப் போகும் வெளியூர்ப் பேருந்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும். இது ஒரு பெரிய கொள்கைப் பிழை என்று சொல்ல வரவில்லை. ஒரு கோடு மாற்றினால் தீர்கிற விஷயம். யாரும் அந்த இடத்தில் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

7

‘சிகிச்சை’ என்று ஒருமையில் சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் போட வேண்டும். நோய் எதுவென்று தீர்மானிப்பது, சதையெடுப்பது, அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சுற்றுகள், இடையில் ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் கவனிப்பு, பிறகு வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது, பலனில்லாதபோது வலியைத் தணிப்பது. இவற்றில் முதல் நான்குக்கு மையம் தவிர்க்க முடியாதது. பிற்பாதிக்கு மையத்தின் கட்டடம் தேவையில்லை. மையத்தின் அறிவுறுத்தல் போதும். முழுவதையும் மையத்தில் வைப்பதும் முழுவதையும் ஊரில் வைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். பிரிக்க வேண்டியதைப் பிரிக்காத தவறு.

ஐரோப்பாவில் 2017 மார்ச்சில் அரிய நோய்களுக்காக 24 வலையமைப்புகள் தொடங்கினார்கள். அதில் பெரியவர்களுக்கு வரும் அரிய புற்றுக்கட்டிகளுக்கு ஒன்று தனியாக இருக்கிறது. முடிந்தவரை நோயாளி பயணம் போகாமல் அறிவு பயணம் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் டாட்டா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு 2012-ல் தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் உருவானது. இன்று 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. கடினமான நோயாளிகளின் விவரத்தைப் பல ஊர் மருத்துவர்கள் திரை வழியே கூடிப் பேசும் ஏற்பாடும் இருக்கிறது. படத்தையும் திசுத் துண்டின் பிம்பத்தையும் அனுப்பித் தீர்மானம் வாங்குவது இன்றைக்குத் தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பையனின் ரத்த அணுக்களை அங்கேயோ திருத்தணியிலேயோ எண்ணி, அந்த எண்ணை அடையாறோ வேலூரோ நம்புவதற்கு வேண்டியது இயந்திரம் அல்ல. மேலே இருப்பவர் கீழே எழுதப்பட்டதை வாசிக்கும் வழக்கம்.

எனவே சீட்டு மாற வேண்டும். முகவரி, தேதி, அங்கே பேசி உறுதிசெய்த ஆளின் பெயர், எதை இங்கே செய்யக் கூடாது, எதை இங்கேயே செய்யலாம் என்ற பட்டியல் அதில் வேண்டும். தமிழில் வேண்டும். முக்கியமாக, மேலிருந்து கீழே எழுதும் சீட்டு ஒன்று வேண்டும்: இன்ன மருந்து கொடுத்திருக்கிறோம், இன்னது நேரலாம், நேர்ந்தால் இதைச் செய்யுங்கள் என்று. இப்போது மேலே மட்டும்தான் எழுதுகிறார்கள்.

இனி வலி. எல்லோரும் பிழைப்பதில்லை. தாமதமாக வந்த அரிய புற்றுநோயில் பலர் திரும்பி வருவார்கள், ‘வூட்டுக்கு இட்டுனு போங்க’ என்ற வாக்கியத்தோடு. அங்கே மையத்தின் வேலை முடிகிறது. நோயாளியின் வேலை முடிவதில்லை. 1985-ன் போதைப்பொருள் சட்டம் வந்தபின், அபினி பயிரிடும் இந்த நாட்டிலேயே மார்ஃபின் நோயாளிக்குக் கிடைக்காத பொருளானது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு அனுமதி எளிதாக்கப்பட்டது. பக்கத்துக் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர் ஊராகத் தன்னார்வலர்களால் பரவி, 2008-ல் மாநிலக் கொள்கையானது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே போய்ச் செய்யும் பணிகளில் இதையும் சேர்த்திருக்கிறது. வாசல்வரை வந்த அந்தப் பெண்ணின் பையில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. எலும்பில் புற்று பரவியவரின் இரவுக்கு வேண்டிய மாத்திரையும் அதே வழியில் வரும்போதுதான் அந்தப் பெயர் முழுமையாகும். இது அறவே மையம் தேவைப்படாத மருத்துவம். இதையும் மையத்தில் வைத்திருப்பதற்கு அச்சத்தைத் தவிர வேறு காரணமில்லை.

சூரனோடும் வேடரோடும் போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் இந்த மலைக்குத் தணிகை என்று பெயர் என்கிறது புராணம். தணிதல் என்பது அழித்தல் அல்ல. வேகம் குறைந்து, தாங்கக்கூடியதாக ஆவது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி 365 படி ஏறுகிறவர்களில் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயணத்தை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். படிகளின் எண்ணிக்கை அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஏறியவர் இறங்கி வீட்டுக்கு வரலாம். மையத்துக்குப் போகும் பயணத்துக்கும் இந்த மூன்றையும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. எத்தனை முறை வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். வர வேண்டியதற்கு மட்டும் கூப்பிடுங்கள். திரும்பி வரும்போது கையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள்.